டயர் தேர்வு: படாளம் வழித்தடத்தில்

கார், லாரி டயர்களின் மதிப்பைக் கணக்கிடச் சரியான அளவுகோல் ஒரு கிலோமீட்டருக்கு ஆகும் செலவு. ரூ.4,000 டயர் 25,000 கி.மீ. ஓடினால் கி.மீ.க்கு 16 பைசா, ரூ.5,000 டயர் 40,000 கி.மீ. ஓடினால் 12.5 பைசா. ஆனால் ஒரு டயர் எவ்வளவு ஓடும் என்பதைச் சாலையும் சுமையுமே தீர்மானிக்கின்றன. செங்கல்பட்டுக்கும் மதுராந்தகத்துக்கும் இடையில் ஜி.எஸ்.டி. சாலையில் உள்ள படாளம் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. இவ்வழியே செல்லும் சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் நிற்காமல் ஓடும் லாரிக்கு ரேடியல் டயர் ஏற்றது: குறைவாகச் சூடேறும், டீசல் மிச்சமாகும். படாளத்திலுள்ள கூட்டுறவு சர்க்கரை ஆலைக்கு வயல் தடங்களிலிருந்து கரும்பு ஏற்றிவரும் வண்டியின் நிலை வேறு. கல்லிலும் வரப்பிலும் பக்கச்சுவர் அடிபடுவதால், தடித்த பக்கச்சுவருள்ள நைலான் டயர் அங்கே தாக்குப்பிடிக்கும். ஆகவே நிறுவனத்தின் பெயரை மட்டும் பார்த்து வாங்குவது போதாது.

நெடுநாள் உழைக்கும் கெட்டி ரப்பர் ஈரத்தில் வழுக்குமே என்பது நியாயமான மறுப்பு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை பெய்யும் செங்கல்பட்டு போன்ற கரையோர மாவட்டத்தில், கார் வைத்திருப்பவர் சில ஆயிரம் கி.மீ. ஆயுளை விட்டுக்கொடுத்தாவது ஈரப்பிடிப்பைத் தேர்வதே அறிவு. காருக்கும் லாரிக்கும் பட்டன் (சாலையைத் தொடும் ரப்பர் வரிகள்) ஆழம் 1.6 மி.மீ.க்குக் குறையக் கூடாது என்பது சட்டம். மழைக்காலத்தில் அதற்கு முன்பே மாற்றுவது நல்லது. வாங்கும்போது பக்கச்சுவரில் உள்ள நான்கிலக்க எண்ணைப் படிக்க வேண்டும்: 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத் தயாரிப்பு. சுமைக் குறியீடு 91 என்றால் அந்த டயர் தாங்கும் உச்ச எடை 615 கிலோ. வண்டிக்குக் குறித்ததைவிடக் குறைந்த குறியீடு எந்த விலையிலும் லாபமாகாது.

ஒற்றை லாரி வைத்து ஓட்டுபவரிடம் விலையுயர்ந்த டயருக்கு முதல் எங்கே என்ற கேள்வியும் எழும். அதற்கு விடை ரீட்ரேட். கேசிங் (பட்டனுக்கு அடியிலுள்ள டயர் உடல்) நல்ல நிலையில் இருந்தால், புது டயர் விலையில் ஒரு பகுதிச் செலவில் மறுபடி பட்டன் போடலாம்; ஆகவே முதலில் நல்ல கேசிங்குக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் இரண்டாவது ஓட்டத்திலும் பயன் தருகிறது. பட்டன் பிரிந்தால் ஸ்டியரிங் கைமீறும் என்பதால் முன்சக்கரங்களுக்குப் புது டயரையே மாட்ட வேண்டும், ரீட்ரேட் பின்சக்கரங்களுக்கு. காற்றுக் குறைவும் அளவுக்கு மீறிய சுமையும் டயரைச் சூடேற்றிக் கேசிங்கையே அழித்துவிடும். எனவே சக்கரம் குளிர்ந்திருக்கும்போது காற்றைச் சரிபார்க்கும் பழக்கம் இல்லாதவருக்கு எந்த உயர்ந்த டயரும் மலிவாக அமையாது.