சொந்த வீடில்லாத சொந்த ஊர்

என் ஊர் நெய்வேலி. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு போட்டபோது தண்ணீரோடு கரிய பொருள் வந்தது. 1956-ல் நிறுவனம் உருவாயிற்று. 1957-ல் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் நீரை ராப்பகலாக பம்ப் பண்ணினால்தான் வெட்டமுடியும். சோவியத் உதவியோடு எழுந்த முதல் அனல்மின் நிலையம் 1962 முதல் 2020 வரை ஓடியது.

டவுன்ஷிப்பில் பல ஊர்க்காரர்கள் வந்து குடியேறினார்கள். குவார்ட்டர்ஸ் நிறுவனத்துடையது, ரிட்டயர் ஆனால் காலி பண்ணவேண்டும். அப்பா ரிட்டயரானதும் நாங்களும் கிளம்பினோம். சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த கிராமத்துப் பிள்ளைகளும் எங்கள் வகுப்பில் படித்தார்கள். அந்த வித்தியாசம் அப்போது எங்களுக்கு உறைக்கவில்லை.

சென்ற ஆண்டு பள்ளித் தோழர்கள் ஆறு பேர் ஊருக்குப் போனோம். நான் வளர்ந்த வீட்டில் வேறு குடும்பம். கதவையாவது தொட்டுப் பார்த்தேன். சுரங்க விளிம்பில் ஒரு தோழன் வெறும் ஆகாயத்தைக் காட்டி, "எங்க தாத்தா வீடு அந்த உயரத்துலதான்டா இருந்துச்சு" என்றான். யாரும் பேசவில்லை. பிறகு அவன்தான் எல்லோரையும் தன் வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டிப்போனான்.

இம்மலரின் முகவரிப் பட்டியலில் சொந்த ஊர் என்ற இடத்தில் நெய்வேலி என்றே எழுதிக் கொடுத்திருக்கிறேன்.