மின்சார மோட்டாரும் சுழலும் திசையும்

முன்னாளில் ரப்பர்த் தோட்டமாக விளங்கிய பங்சார், மலாயாவின் மின்சார வரலாற்றிலும் இடம்பெற்ற ஊராகும். பத்து ஆராங் நிலக்கரியை எரித்து, நீராவியால் மின்சாரம் ஆக்கிய நிலையம் இங்கு இருந்தது. 1949 செப்டம்பர் 1ஆம் நாள் மத்திய மின்சார வாரியம் பொறுப்பேற்றபோது அந்நிலையத்தின் ஆற்றல் 26.5 மெகாவாட். மின்சாரம் விளக்கேற்றுவதோடு நிற்பதன்று, மோட்டாரையும் சுழற்றுவது. அம்மோட்டார் வலம் சுழல்வதா, இடம் சுழல்வதா என்பதை எது தீர்மானிக்கிறது?

தொடக்கத்தில் இருந்தவை நேர்மின்சார மோட்டார்கள். அவற்றுள் நிலையான காந்தச் சுருளும் சுழலும் சுருளும் உண்டு. இரண்டில் ஒன்றின் இணைப்பைத் திருப்பினால் மோட்டார் எதிர்ப்புறம் சுழலும். இரண்டையும் ஒருங்கே திருப்பினாலோ, பழைய திசையே நிலைக்கும்.

1885இல் இத்தாலிய அறிஞர் கலிலியோ பெராரிஸ் மாறுமின்சாரத்தால் காந்தப் புலத்தையே சுழலச் செய்யலாம் எனக் கண்டார். 1888இல் நிக்கோலா டெஸ்லா அமெரிக்காவில் இவ்வகை மோட்டாருக்குக் காப்புரிமை பெற்றார். அடுத்த ஆண்டு டொலிவோ டோப்ரவோல்ஸ்கி மும்முனை மோட்டாரை அமைத்தார். 1891இல் ஜெர்மனியின் லௌபனிலிருந்து பிராங்பர்ட் வரை, ஏறக்குறைய 175 கிலோமீட்டர் தூரம், மும்முனை மின்சாரம் கொண்டு செல்லப்பட்டது. உலகம் அம்முறையை ஏற்றது.

மும்முனை மின்சாரத்தில் மூன்று கம்பிகளின் அலைகளும் ஒன்றன்பின் ஒன்றாக உச்சத்தை எட்டுகின்றன. மூன்று மாணவர் வட்டமாக நின்று, ஒன்று, இரண்டு, மூன்று என முறையே கை தட்டுவதாகக் கொள்வோம். ஒலி ஒரு புறமாகச் சுற்றிவரும். இருவர் மட்டும் இடம் மாறி நின்றால் ஒலி எதிர்ப்புறம் சுற்றும். மோட்டாரிலும் இதுவே விதி: எவையேனும் இரண்டு கம்பிகளை மாற்றினால் திசை மாறும், மூன்றையும் வரிசை குலையாமல் நகர்த்தினால் மாறாது.

மின் தூக்கி ஏறி இறங்குவதற்கு அடிப்படை இவ்விதியே. ஆபத்தும் இதிலேயே உண்டு. பழுது பார்த்தபின் கம்பிகள் இடம் மாறிவிட்டால், உருளை இயந்திரம் எதிர்பாராத புறம் சுழன்று தொழிலாளியின் கையை இழுத்துவிடலாம். ஆதலால், மோட்டாரை இயந்திரத்தினின்று பிரித்துச் சற்றே ஓடவிட்டுத் திசையை உறுதி செய்த பின்னரே வேலையைத் தொடங்குதல் வேண்டும்.

1998 செப்டம்பர் 1ஆம் நாள் பங்சார் வழியாக இலகு ரயில் ஓடத் தொடங்கியது. ஓட்டுநர் இல்லாத அவ்வண்டியில் இருப்பது நேர்கோட்டு மோட்டார். வட்ட மோட்டாரை அறுத்து நீளமாக விரித்தாற்போன்றது. சுருள்கள் வண்டியின் அடியில் உள்ளன. தண்டவாளங்களின் நடுவே அலுமினியப் பட்டை கிடக்கிறது. 750 வோல்ட் நேர்மின்சாரத்தை வண்டியிலுள்ள மின்னணுக் கருவி மும்முனை மின்சாரமாக்குகிறது. அலைகளின் வரிசையை அக்கருவி மாற்றினால், முன்னோக்கித் தள்ளிய விசை பின்னோக்கித் தள்ளுகிறது. கம்பியைக் கழற்றி மாட்டும் கைவேலை அங்கில்லை. டோப்ரவோல்ஸ்கி காலத்து விதி மட்டும் மாறாமல் இருக்கிறது.