பார்க்க ஒண்ணுமில்லாத ஊர்னு ஒண்ணு இருக்கா?

இந்த எபிசோடை ஒரு சின்னக் கேள்வியோட ஆரம்பிக்கலாம். ஒரு கணவனும் மனைவியும் சைக்கிள்ல ஊர் ஊரா சுத்திட்டு வர்றாங்கன்னு வைங்க. சாயந்திரம் ஒரு சின்ன ஊருக்குள்ள நுழையறாங்க. டீக்கடை ஓரமா சைக்கிளை நிறுத்திட்டு, "இங்க பார்க்கறதுக்கு என்னங்க இருக்கு?"னு கேட்கறாங்க. அந்த ஊர் சேலத்துக்குப் பக்கத்துல இருக்கிற ஆட்டையாம்பட்டின்னா என்ன பதில் வரும்? "இங்க என்னங்க இருக்கு? திருச்செங்கோடு போங்க, மலைக்கோயில் இருக்கு. ஏற்காடு போங்க, குளுகுளுன்னு இருக்கும்." பெரும்பாலும் இப்படித்தான் வரும்.

நம்ம ஊரை நாமே இப்படிச் சொல்ற பழக்கம் எங்கிருந்து வந்தது? அதைப் புரிஞ்சுக்க, நூத்தி இருபத்தஞ்சு வருஷத்துக்கு முன்னாடி நிஜமாவே சைக்கிள்ல இந்தியாவைச் சுத்தின ஒரு தம்பதியோட கதை உதவும்.

அவங்க பேரு ஃபேனி புல்லக் வொர்க்மேன், வில்லியம் ஹன்டர் வொர்க்மேன். அமெரிக்காவுல மாசசூசெட்ஸ் மாநிலத்துக்காரங்க. ஃபேனி 1859ல பிறந்தவங்க. அப்பா அந்த மாநிலத்தோட ஆளுநரா இருந்தவர், பெரிய பணக்காரக் குடும்பம். வில்லியம் ஒரு டாக்டர், மனைவியை விடப் பதினொரு பன்னிரண்டு வயசு மூத்தவர். முதல்ல அல்ஜீரியா, அப்புறம் ஸ்பெயின்னு சைக்கிள்ல சுத்தி, ரெண்டு பயணத்தைப் பத்தியும் புத்தகம் போட்டாங்க. 1897ல ஆசியாவுக்குக் கிளம்பினாங்க. இலங்கை, ஜாவா, பர்மா, இந்தியான்னு ரெண்டு வருஷத்துக்கும் மேல பயணம். இந்தியாவுல தெற்கு முனையில இருந்து இமயமலை வரைக்கும் போனாங்க. மொத்தக் கணக்கு 14,000 மைல்னு அவங்களே சொல்றாங்க. நம்ம கணக்குல சுமார் 22,500 கிலோமீட்டர்.

இன்னிக்கு இருக்கற கியர் சைக்கிளை மனசுல வச்சுக்காதீங்க. காத்தடிச்ச டயரை டன்லப் கண்டுபிடிச்சது 1888ல. அதாவது அந்த டயர் உலகத்துக்கு வந்தே பத்து வருஷம்தான் ஆகியிருந்தது. நம்ம ரோடுகளோ கருவேல முள்ளும் கப்பிக்கல்லும். ஒரே நாள்ல நாப்பது பஞ்சர் வரைக்கும் ஒட்டின நாள் உண்டாம். டீத்தூள், சர்க்கரை, பிஸ்கட், டின் கறி, ஆளுக்கு ஒரு போர்வை, மருந்து, பஞ்சர் சாமான், எழுதறதுக்குப் பேப்பர். எல்லாத்தையும் சைக்கிள்லயே கட்டிக்கிட்டாங்க. மிச்சச் சாமானோட வேலையாட்கள் ரயில்ல வந்து வழியில சேர்ந்துக்கணும்னு ஏற்பாடு. எலி ஓடற அறையில தூங்கினதும், கொசுக்கடியும், சாப்பாடு தண்ணி இல்லாம போன நேரமும் நிறைய.

ஃபேனி சாதாரண ஆள் கிடையாது. 1898 கோடை வெயில் தாங்காம சைக்கிளை விட்டுட்டு மலைப்பக்கம் போனாங்க, அங்கிருந்து மலையேற்றம் பிடிச்சுக்கிச்சு. 1912ல சியாச்சின் பனியாற்று மேல நின்னு, பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்கற செய்தித்தாளை விரிச்சுப் பிடிச்சு எடுத்துக்கிட்ட போட்டோ ரொம்பப் பிரபலம். அந்தத் துணிச்சலுக்குப் பின்னாடி பரம்பரைப் பணமும் இருந்தது, சாமான் தூக்கின இந்தியர்களும் இருந்தாங்க. அந்த வேலையாட்களைப் பத்தி வொர்க்மேன் தம்பதி எழுதின விதத்துல ஒரு எஜமான் தொனி தெரியும். ரெண்டையும் சேர்த்துத்தான் இவங்களைப் படிக்கணும்.

இனி நம்ம கேள்விக்கு வருவோம். இவ்வளவு தூரம் மிதிச்சு என்ன பார்த்தாங்க? 1904ல லண்டன்ல வெளிவந்த அவங்க இந்தியப் பயணப் புத்தகத்தோட தலைப்புல 'கோயில்கள்'னும் இருக்கு, 'மக்கள்'னும் இருக்கு. உள்ளே பக்கம் பக்கமா இருக்கறது கோயில், கோபுரம், சிற்பம், பழைய கட்டடம். படங்களும் பெரும்பாலும் அதுதான். ராமாயணம், மகாபாரதம், ஜாதகக் கதைன்னு மொழிபெயர்ப்புகளைப் படிச்சுத் தயாராகி வந்தவங்க. அதனால ஆயிரம் வருஷத்துக்கு முந்தின இந்தியா அவங்களுக்கு நல்லாவே தெரிஞ்சது. சைக்கிளை எட்டிப் பார்த்துக்கிட்டு நின்ன 1898ஆம் வருஷத்து இந்தியா அவ்வளவா தெரியல. கோபுரம் இல்லாத ஊருன்னா தண்ணி குடிக்கவும், ராத்திரி படுக்கவும், பஞ்சர் ஒட்டவும் ஒரு இடம். அவ்வளவுதான்.

இதுல அவங்களை மட்டும் குறை சொல்ல முடியாது. அந்தப் புத்தகம் வந்த அதே 1904ல கர்சன் வைஸ்ராயா இருந்தப்போ பழங்கால நினைவுச்சின்னப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. எது காப்பாத்தத் தகுந்தது, எது பார்க்கத் தகுந்ததுன்னு அரசாங்கமே ஒரு பட்டியல் போட ஆரம்பிச்ச காலம். அந்தச் சட்டத்தால எத்தனையோ கோயிலும் கோட்டையும் பிழைச்சது உண்மை. ஆனா பட்டியல்ல இடம் பிடிக்கணும்னா கல்லா இருக்கணும், பழசா இருக்கணும், பெரிசா இருக்கணும். டீக்கடையில நாம சொல்ற "இங்க என்னங்க இருக்கு"ங்கற பதில், அந்தப் பட்டியலை நாமே மனப்பாடம் பண்ணிட்டதோட விளைவு.

பட்டியலை வேற மாதிரியும் போடலாம். பிரான்ஸ்ல சைக்கிள் பயணம் போறவங்க ஒரு சின்ன ஊர்ல இறங்கினா, சர்ச்சு, சந்தை மண்டபத்தோட சேர்த்து 'லவ்வார்'னு ஒண்ணையும் பார்க்கச் சொல்வாங்க. அது வேற ஒண்ணுமில்ல, ஊர்ப் பெண்கள் துணி துவைச்ச பொதுத் துறை. கூரை போட்ட தொட்டி, சுத்தியும் துவைக்கிற கல்லு. மக்கள் சுகாதாரத்துக்காக இதைக் கட்ட உதவித்தொகை கொடுக்க 1851ல ஒரு சட்டமே போட்டாங்க. வாஷிங் மெஷின் வந்தப்புறம் இடிச்சிருக்கலாம். பல ஊர்ல இடிக்கல, சரி பண்ணி, பூச்செடி வச்சு, பலகை எழுதி வச்சாங்க. அவங்க தினம் சாப்பிடற நீள ரொட்டி, அதான் பகெட், அதைச் செய்யற கைப்பழக்கத்துக்கே 2022ல யுனெஸ்கோ பட்டியல்ல இடம் வாங்கினாங்க. துணி துவைச்ச இடமும் ரொட்டி சுட்ட கையும் வரலாறுன்னு ஒரு சமூகம் முடிவு பண்ணிச்சு, அவ்வளவுதான் விஷயம்.

இந்தக் கண்ணோட ஆட்டையாம்பட்டிக்கு வருவோம். சேலத்துல இருந்து தென்மேற்கே இருபது கிலோமீட்டருக்குள்ள இருக்கற ஊரு. காலையில வெயில் ஏறும் முன்னாடி மிதிச்சா ஒன்றரை மணி நேரம்.

முதல்ல கஞ்சமலை. ஆட்டையாம்பட்டிக்கு வடக்கே தெரியற இந்த மலை இரும்புத் தாதுக்குப் பேர் போனது. சேலம் பகுதித் தாதுவை நம்பித்தான் ஜோசையா மார்ஷல் ஹீத்ங்கற ஆங்கிலேயர் 1830கள்ல பரங்கிப்பேட்டையில இரும்பு ஆலை நடத்தினார். காட்டு மரத்தை எரிச்ச கரிதான் எரிபொருள். கரி கிடைக்கறது கஷ்டமாக ஆக, ஆலையும் நொடிச்சுது. ஹீத் இங்கிலாந்து திரும்பி, எஃகு உருக்கும்போது மாங்கனீசு சேர்க்கற முறைக்கு 1839ல காப்புரிமை வாங்கினார். ஷெஃபீல்டு எஃகுத் தொழிலையே அது மாத்திச்சு. அந்த மலையடிவாரத்துலதான் 1980களோட தொடக்கத்துல சேலம் உருக்காலை வந்தது. இரும்புச் சைக்கிள்ல வர்றவங்க நின்னு பார்க்க இதைவிடப் பொருத்தமான மலை வேற எது?

அடுத்தது தறி. இந்தப் பக்கத்து ஊர்கள்ல குழித்தறி போட்ட வீடு இன்னும் இருக்கு. நெய்யறவர் குழிக்குள்ள காலைத் தொங்கவிட்டு உட்காருவார். கால் மிதிக்க மிதிக்க பாவு மேலயும் கீழயும் பிரியும், கை இழுக்க இழுக்க ஊடை நூலோட நாடா குறுக்கே ஓடும். காலும் கையும் சேர்ந்து ஓட்டற மிஷின், சைக்கிள் மாதிரியேதான். கொஞ்சம் தள்ளி, திருச்செங்கோடு பக்கம் புதுப்பாளையத்துல 1925ல ராஜாஜி காந்தி ஆசிரமம் ஆரம்பிச்சு, கதர் நூற்பை ஒரு பிழைப்பா மாத்தப் பார்த்தார்.

கடைசியா முறுக்கு. ஆட்டையாம்பட்டின்னு சொன்னதும் சேலத்துக்காரங்க அடுத்துச் சொல்ற வார்த்தை அதுதான். அரிசி மாவு, உளுந்து மாவு, கொஞ்சம் எள்ளு. அச்சு கிடையாது, விரலாலயே முறுக்கி முறுக்கி வட்டமா சுத்தணும். மாவோட பதம் கொஞ்சம் தளர்ந்தாலும் பிரிஞ்சுடும். அந்தப் பதத்தை எந்தப் புத்தகமும் சொல்லித் தராது, பக்கத்துல உட்கார்ந்துதான் கத்துக்கணும். மணப்பாறை முறுக்குக்கு 2023ல புவிசார் குறியீடு கிடைச்சுது. அப்படி ஒரு குறியீடு வாங்கணும்னா பழைய சான்று வேணும், யாராவது எழுதி வச்சிருக்கணும்.

இங்கதான் பிரச்சினையே. கோபுரத்தை இன்னும் நூறு வருஷம் கழிச்சும் பார்க்கலாம். முறுக்கு சுத்தற விரலும், நாடா இழுக்கற கையும் ஓய்ஞ்சுட்டா அப்புறம் பார்க்க எதுவும் மிஞ்சாது. விசைத்தறி வந்துடுச்சு, பிள்ளைங்க படிச்சு பெங்களூரு, சென்னைன்னு போயிட்டாங்க. போனது தப்பே இல்ல. போறதுக்கு முன்னாடி கேட்டு வச்சோமா?

சைக்கிள்ல போற உங்களுக்கு அதுக்கு ஒரு வசதி இருக்கு. கார்ல வர்றவங்க கண்ணாடியை இறக்கறதுக்குள்ள ஊரே தாண்டிடும். சைக்கிள்ல போனா, தறிச் சத்தம் எந்த வீட்டுல இருந்து வருதுன்னு தெரியும், எண்ணெய் காயற வாசனை எந்தச் சந்துன்னு தெரியும். அடுத்த ஞாயித்துக்கிழமை ரைடுக்குக் கிளம்பினா, "பார்க்க என்ன இருக்கு"ன்னு கேட்காதீங்க. "எத்தனை வருஷமா இந்த வேலை பண்றீங்க? யாருகிட்ட கத்துக்கிட்டீங்க?"ன்னு கேளுங்க. அவங்க சம்மதிச்சா ஃபோன்ல பதிவு பண்ணுங்க, பேரும் தேதியும் மறக்காம எழுதி வைங்க. முறுக்கு வாங்கினா பேரம் பேசாதீங்க.