மகஜரின் காலம்: கல்விக் கோரிக்கையிலிருந்து சித்திரவதை விசாரணை வரை (1839–1859)

சென்னை மாகாணத்தின் பொதுவாழ்வை 1885-இல், காங்கிரசின் பிறப்பிலிருந்து தொடங்குவது நம் வரலாற்று நூல்களின் வழக்கம். அதற்கு ஒரு தலைமுறைக்கு முன்பே சென்னையில் இந்தியர் வாழ்ந்த கறுப்பர் நகரத்து வணிகர்கள் மகஜரை, அதாவது பலர் ஒப்பமிட்ட மனுவை, ஏந்திக் கிழக்கிந்தியக் கம்பெனி அரசோடு மோதிப் பழகியிருந்தார்கள். கல்விக்காகக் கைவந்த அந்தப் பழக்கம்தான் பிறகு குடியானவனின் நீதிக்கும் பயன்பட்டது.

1839 நவம்பரில், ஆங்கில உயர்கல்வி கோரி ஏறத்தாழ 70,000 பேர் ஒப்பமிட்ட மகஜர் ஆளுநர் எல்பின்ஸ்டனிடம் தரப்பட்டது. அதையொட்டி 1841-இல் திறந்த உயர்நிலைப் பள்ளியே பின்னாளைய மாநிலக் கல்லூரி. 1794-இல் மறைந்த பச்சையப்ப முதலியாரின் அறச்சொத்து பல்லாண்டுகள் வழக்கில் சிக்கி மீண்டு, 1842 ஜனவரியில் பள்ளிக்கூடமானது. ஆனால் அது இந்துப் பிள்ளைகளுக்கு மட்டுமே. இந்த எல்லையை மறைத்துவிட்டு அக்காலத் தலைவர்களைப் போற்றுவது சரியாகாது.

இந்தச் சூழலில் முன்னணிக்கு வந்தவர் காஜுலு லட்சுமிநரசு செட்டி. துணி, அவுரி வணிகத்தில் ஈட்டிய பொருளைக் கொண்டு 1844-இல் 'கிரெசென்ட்' இதழைத் தொடங்கினார். 1846-இல் ஆளுநர் ட்வீடேல் அரசுப் பள்ளிகளில் விவிலியத்தைப் பாடமாக்க முயன்றபோது, கூட்டம் கூட்டி மகஜர் அனுப்பி எதிர்த்தவர்களில் அவர் முதல்வர்.

1852-இல் சென்னைச் சுதேசிச் சங்கம் அமைந்ததும் பார்வை பட்டணத்தைத் தாண்டியது. கம்பெனியின் சாசனம் புதுப்பிக்கப்படவிருந்த வேளையில் சங்கம் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய மனுவில், நிலவரிச் சுமையோடு வரி தண்டுவதற்கான சித்திரவதையும் இடம்பெற்றது. 1853-இல் இங்கு வந்த நாடாளுமன்ற உறுப்பினர் டான்பி சீமரை லட்சுமிநரசு மாவட்டங்களுக்கு அழைத்துச் சென்று குடியானவர்களின் நிலையைக் காட்டினார். 1854 ஜூலையில் காமன்ஸ் சபையில் விவாதம் எழ, எலியட், ஸ்டோக்ஸ், ஜான் புரூஸ் நார்ட்டன் ஆகிய மூவர் கொண்ட ஆணையம் அமைந்தது.

1855-இல் வந்த அதன் அறிக்கை குற்றச்சாட்டை உறுதிசெய்தது. ஆணையத்திடம் 1,900-க்கும் மேற்பட்ட முறையீடுகள் வந்திருந்தன. பாக்கி வைத்தவனின் விரல்களையோ தொடையையோ இரு கட்டைகளுக்கிடையே வைத்து இறுக்குவது கிட்டி. கழுத்தில் கயிறிட்டுக் காலோடு பிணைத்து, குனிந்தபடியே வெயிலில் நிறுத்துவது அண்ணாந்தாள். சில வேளை முதுகில் கல்லும் ஏற்றுவார்கள். வெள்ளை அதிகாரிகளுக்கு இதில் பங்கில்லை என்று கூறி, பழியைக் கீழ்நிலைச் சுதேசி ஊழியர்கள் மீதே ஆணையம் பெரிதும் சுமத்தியது. வசூல் குறையாமல் வரவேண்டும் என்று நெருக்கியவர் யார் என்ற கேள்விக்கு அதில் நேர்மையான பதில் இல்லை.

1816 முதல் வரிவசூலும் போலீசும் கலெக்டரிடமும் அவருக்குக் கீழிருந்த தாசில்தாரிடமுமே குவிந்து கிடந்தன. வரி கேட்பவனே விலங்கும் பூட்டலாம்; முறையிட வேண்டியதும் அவனிடம்தான். 1859-ஆம் ஆண்டின் 24-ஆம் சட்டம் போலீசைத் தனித் துறையாக்கியது. சட்டத்துக்குக் காரணம் மகஜர் மட்டுமல்ல. 1857 கிளர்ச்சிக்குப் பிந்தைய அரசின் அச்சமும் சேர்ந்தது. ஆயினும் நாடாளுமன்றம் வரை பேச்சை எழுப்பியதில் சங்கத்துக்குப் பெரும்பங்கு உண்டு.

லட்சுமிநரசு பின்னர் சட்டசபை உறுப்பினராகி, 1868-இல் செல்வமிழந்த நிலையில் மறைந்தார். அவர் பெயராவது நூல்களில் நிற்கிறது; முறையிட வந்த குடியானவர்கள் பெரும்பாலும் மறக்கப்பட்டார்கள். அவர்களுடைய வாக்குமூலங்கள் ஆணைய அறிக்கையின் பின்னிணைப்புகளில் இருக்கின்றன. வட்டார வரலாறு எழுதுவோர் அவற்றை எடுத்துப் படிக்க வேண்டும்.