கண்மாய் நீரும் பறவைச் சட்டமும்: திருவரங்குளம் வட்டாரத்தை முன்வைத்து

தமிழகப் பறவைப் பாதுகாப்பின் வரலாறு பெரும்பாலும் சட்டங்களின் வரிசையாகவே எழுதப்படுகிறது: 1887, 1912ஆம் ஆண்டுகளின் காட்டுப்பறவைச் சட்டங்கள், 1972இன் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், சர்வதேச ஈரநில உடன்படிக்கையின்படி அண்மையில் வந்த ராம்சர் அறிவிப்புகள். புதுக்கோட்டையிலிருந்து ஆலங்குடி செல்லும் வழியிலுள்ள திருவரங்குளம் போன்ற மழையை நம்பிய கண்மாய் நாட்டுக்கு இந்த வரிசை முழுதாகப் பொருந்தாது. முதலிரண்டு சட்டங்களும் பிரிட்டிஷ் இந்தியாவுக்கென இயற்றப்பட்டவை. இந்நிலமோ 1948 வரை தொண்டைமான் சமஸ்தானம். இங்கு நீர்ப்பறவையின் கதியைத் தீர்மானித்தது துப்பாக்கி மட்டுமன்று, கண்மாயில் தண்ணீர் எதுவரை நிற்கிறது என்பதும்தான். மஞ்சள் மூக்கு நாரை அடைகாக்க ஏறத்தாழ ஒரு மாதம், குஞ்சு பறக்க மேலும் இரண்டு மாதம் ஆகும். கார்த்திகையில் கூடு கட்டினால் மாசி வரை மரத்தடியில் நீர் வேண்டும். அதற்குள் கண்மாயின் நீர் தேங்கும் பரப்பான உள்வாய் காய்ந்தால் இரைமீன் அருகும். நாயும் பூனையும் மரத்தடிக்கு வந்துவிடும். தாய்ப்பறவைகள் குஞ்சுகளைக் கைவிடவும் கூடும்.

இந்தத் தண்ணீரைப் பறவைக்கென்று யாரும் தேக்கவில்லை. பயிருக்காகத் தேக்கியதில் பறவையும் பிழைத்தது. வேடந்தாங்கல் மக்கள் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேசிடம் பறவைகளுக்குப் பாதுகாப்பு உறுதி பெற்றதன் பின்னணியிலும் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரம் என்ற கணக்கு இருந்தது. புதுக்கோட்டைக்குத் தெற்கே, திருப்பத்தூர் அருகிலுள்ள கொள்ளுக்குடிப்பட்டியில் தீபாவளிக்கும் வெடி போடாத ஊர்க்கட்டுப்பாடு, 1977இல் வேட்டங்குடி சரணாலயமானதற்கு முன்பே வந்தது. மரத்தின் கதையும் இப்படித்தான். 1980களில் சுவீடன் நிதியுதவியோடு சமூகக் காடு வளர்ப்புத் திட்டம் கண்மாய் உள்வாய்களில் நட்ட நாட்டுக் கருவேலம் விறகுக்கானது. பின்னாளில் பல ஏரிகளில் கூடு தாங்கியது அதுவே.

இதை ஊர்ப்பழமையின் புகழ்பாட்டு என்று ஒருவர் மறுக்கலாம். மறுப்பில் நியாயம் உண்டு. எச்சத்தால் பயன் தரும், கூடு கட்டும் பறவையைக் காத்த அதே வழக்கம், விதைநெல்லில் இறங்கும் வாத்துக்கு அந்தச் சலுகையைத் தந்ததாகச் சொல்ல முடியாது. வெளியிலிருந்து துப்பாக்கியோடு வருபவரைத் தடுக்க ஊர்க்கட்டுப்பாடு போதாது. அங்கே 1972இன் சட்டமே பயன்பட்டது. ஆனால் அந்தச் சட்டம் வேட்டைக்காரனின் கையைத்தான் பிடிக்கும். மடை எப்போது திறக்கும், எவ்வளவு நீர் மிஞ்சும் என்பது அதன் எல்லைக்குள் எளிதில் வருவதில்லை. 2017இன் ஈரநில விதிகளோ பாசனத்துக்கென்று மனிதர் கட்டிய நீர்நிலைகளை ஈரநிலம் என்ற வரையறையிலிருந்தே விலக்கிவிட்டன. மனிதர் வெட்டிய ஏரியான வேடந்தாங்கலுக்கு 2022இல் ராம்சர் பெருமை கிடைத்தது. அதே வகைக் கண்மாய் திருவரங்குளத்தில் இருந்தால் விதிகளின் கண்ணில் அது ஈரநிலமே அல்ல. நிர்வாகத்துக்கு இது வசதியாக இருக்கலாம், நாரைக்கு இல்லை.

ஊரார் கூடிக் கண்மாயைப் பராமரிக்கும் குடிமராமத்தைப் புதுப்பித்துத் தூர்வாரினால் எல்லாம் சரியாகும் என்போர் உண்டு. ஆழமாகத் தோண்டினால் நீர் அதிக நாள் நிற்கும், உண்மை. எனினும் கரையோரம் சரிவின்றிச் செங்குத்தாக வெட்டப்படும்போது, ஆழமற்ற நீரில் மேயும் அரிவாள் மூக்கனுக்கும் உள்ளானுக்கும் இடம் போய்விடுகிறது. வண்டலோடு உள்வாய் மரங்களும் போகின்றன. இதைவிட ஆழமான மாற்றம் ஆழ்துளைக் கிணறு. வயலுக்குக் கண்மாய்நீர் தேவைப்படாதபோது மடையைக் கவனிக்கும் அக்கறை தளர்கிறது. கண்மாயில் மிஞ்சும் வருமானம் மீன்பாசி ஏலம், அதாவது மீன்பிடி உரிமைக் குத்தகை. ஏலம் எடுத்தவர் கோடைக்குள் நீரை வற்றவிட்டு மீனை அள்ளப் பார்ப்பார். அதுவே அவருக்கு லாபம். ஆகவே இந்த வட்டாரத்தில் பறவைப் பாதுகாப்பைத் தொடங்க ஏற்ற இடம் புதிய சரணாலய அறிவிப்பைவிட அந்த ஏல நிபந்தனைதான். கூடுள்ள கண்மாய்களில் பங்குனி பிறக்கும்வரை மடைமட்டத்துக்குக் கீழே நீரை இறைக்கக் கூடாது என்ற ஒரு வரியை அதில் சேர்க்கலாம். குத்தகைத் தொகையில் அதனால் வரும் குறைவை அரசு ஈடுசெய்யவேண்டும்.