சொவ்னன் (உறக்கம்)

சொவ்னன்: டென்மார்க் இசையமைப்பாளர் கார்ல் நீல்சன் (1865–1931) சேர்ந்திசைக் குழுவுக்கும் ஆர்க்கெஸ்ட்ராவுக்கும் எழுதிய படைப்பு. டேனிய மொழியில் 'உறக்கம்' என்று பொருள். ஓப்பஸ் எண் (படைப்பு வரிசை எண்) 18. 1903–04இல் எழுதப்பட்டு, 1905 மார்ச் 21 அன்று கோபன்ஹேகன் இசைச் சங்கத்தில் நீல்சனே நடத்த அரங்கேறியது. பாடலை எழுதியவர் யொஹான்னஸ் யோர்கன்சன் (1866–1956). 1896இல் கத்தோலிக்கத்தைத் தழுவிய இக்கவிஞர், பின்னாளில் அசிசியின் புனித பிரான்சிஸின் வாழ்க்கை வரலாற்றை எழுதிப் புகழடைந்தார். இருவருமே ஃபுன் தீவில் பிறந்தவர்கள்.

வகை: ஒரட்டோரியோவுக்குப் பொதுவாகக் கதை வேண்டும், பாத்திரங்கள் வேண்டும், அவற்றைப் பாடத் தனிக்குரல்கள் வேண்டும். சொவ்னனில் இவை எதுவும் இல்லை. தொடக்கம் முதல் முடிவுவரை பாடுவது குழு மட்டுமே. ஆகவே இது கான்டாட்டாதான், அதாவது வாத்தியங்களோடு பாடும் படைப்பு. ஆர்க்கெஸ்ட்ராவுக்கு உள்ள பங்கைக் கண்டு இதைக் குரல் சேர்ந்த சிம்ஃபனிக் கவிதை (ஒரு கருவை ஆர்க்கெஸ்ட்ராவால் சித்திரிக்கும் படைப்பு) எனலாம். ஆனால் அது தேவையற்ற நுணுக்கம். டென்மார்க்கில் இத்தகைய படைப்புகளுக்கு ஒரு மரபு உண்டு. 1836இல் தோன்றிய அதே இசைச் சங்கத்தை 1850 முதல் 1890 வரை நடத்திய இசையமைப்பாளர் நீல்ஸ் காடே, மோகினிக் கதையொன்றை வைத்து 1854இல் எழுதிய 'எல்வர்ஸ்குட்' அதன் உச்சம். நீல்சனின் முந்தைய சேர்ந்திசைப் படைப்பான 'ஹிம்னுஸ் அமோரிஸ்' (1897) லத்தீனில் அமைந்தது. மனித வாழ்வின் பருவங்களை அன்பின் வழியே பாடுவது, தனிக்குரல்களும் கொண்டது. சொவ்னனில் அவர் தாய்மொழிக்குத் திரும்பினார். மரபிலிருந்து விலகியது துர்க்கனவைக் காட்டும் நடுப்பகுதியில்தான்.

அமைப்பு: மூன்று பகுதிகள், இடைவெளியின்றி, ஏறக்குறைய 20 நிமிடம். முதற்பகுதியில் இசை தாலாட்டுப்போல மெல்ல அசைந்து கண்ணைச் செருக வைக்கிறது. இரண்டாவது துர்க்கனவு. இதற்கான டேனியச் சொல் 'மாரெரிட்'. உறங்குபவர் நெஞ்சின்மேல் ஏறிச் சவாரி செய்யும் 'மாரெ' என்ற பேயிலிருந்து வந்தது. நம்மூர் அமுக்குவான் பேய்க்கு ஒன்றுவிட்ட உறவு எனலாம். இங்கே குரல்கள் ஒன்றோடொன்று முட்டுகின்றன; சுரங்கள் உரசுகின்றன, உரசல் தீர்வதற்குள் அடுத்தது வந்து மோதுகிறது. மூன்றாம் பகுதியில் உறக்கம் மீண்டும் அமைதியாகிறது. அக்காலக் காதுகளுக்கு நடுப்பகுதி கரடுமுரடாகப் பட்டது. அதை அபசுரம் என்று ஒதுக்கியவர்கள் பிழைபட்டார்கள். அந்த உரசல் இல்லாவிட்டால் இது வெறும் தாலாட்டாகவே நின்றிருக்கும்.

காலச்சூழல்: 1903இல் சிற்பியான மனைவி ஆன் மரியுடன் ஏதென்சில் தங்கியிருந்தபோது நீல்சன் எழுதியது 'ஹீலியோஸ்' (ஓப்பஸ் 17), ஈஜியன் கடல்மேல் சூரியன் எழுந்து மறைவதைக் காட்டும் முகப்பிசை. பகலைப் பாடிய கையோடு இரவுக்கு வந்தார். அப்போதும் அவர் டென்மார்க் அரச ஆர்க்கெஸ்ட்ராவில் இரண்டாம் வயலின் வாசித்துவந்தார்; 1905இல்தான் விலகினார். அரங்கேற்றம் நடந்த அதே இசைச் சங்கத்தை 1915 முதல் 1927 வரை நடத்தும் பொறுப்பு பின்னர் அவரிடமே வந்தது.

இன்று சொவ்னன், நீல்சனின் ஆறு சிம்ஃபனிகளின் நிழலில் அரிதாகவே இசைக்கப்படுகிறது. லீஃப் செகெர்ஸ்டாம் நடத்திய ஒலிப்பதிவு கிடைக்கிறது.