இரும்புக் கப்பலும் குழம்பிப்போன திசைகாட்டியும்

கடலுக்கடியில் முக்குளிப்பவர்கள் கையில் கடிகாரம் மாதிரி ஒன்றைக் கட்டியிருப்பதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அதன் பெயர் டைவ் கம்ப்யூட்டர். எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம், மேலே வரும்போது எங்கே நின்று வரவேண்டும் என்றெல்லாம் சொல்லும். பலவற்றில் டிஜிட்டல் திசைகாட்டியும் உண்டு. அது தப்பாகக் காட்டினால்? இரும்புப் பொருட்களை விட்டுத் தள்ளி நின்று கருவியை எல்லாப் பக்கமும் மெதுவாகச் சுற்றச் சொல்கிறார்கள். திருஷ்டி கழிப்பது மாதிரி சுற்றினால் சரியாகிவிடுமா என்று எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. தேடிப் படித்தபோதுதான் அந்தச் சுற்றலுக்குப் பின்னால் இருநூறு வருடக் கதை இருப்பது தெரிந்தது.

மாத்யூ ஃபிளிண்டர்ஸ் என்ற ஆங்கிலேயக் கடற்படை அதிகாரி 1801-ல் 'இன்வெஸ்டிகேட்டர்' கப்பலில் ஆஸ்திரேலியக் கரையை அளக்கக் கிளம்பினார். கப்பலின் முகப்பு திரும்பத் திரும்ப, திசைகாட்டியின் பிழையும் மாறுவதைக் கவனித்தார். பூமியின் வடபாதியில் ஒரு பக்கம் விலகிய ஊசி, தென்பாதியில் எதிர்ப்பக்கம் விலகியது. மரக்கப்பல்தான், ஆனாலும் பீரங்கி, நங்கூரம் என்று உள்ளே இரும்பு நிறைய. அந்த இரும்பைப் பூமியே காந்தமாக்குகிறது என்று புரிந்துகொண்டார். (திரும்பும் வழியில் மொரிஷியஸில் பிரெஞ்சுக்காரர்கள் அவரைப் பிடித்து ஆறு வருடத்துக்கு மேல் வைத்திருந்தது தனிக்கதை!)

பிறகு கப்பலே இரும்பாகிவிட்டது. 1838-ல் வானியலாளர் ஜார்ஜ் ஏரி 'ரெயின்போ' என்ற இரும்பு நீராவிக் கப்பலைச் சுற்றிச் சுற்றித் திருப்பி, ஒவ்வொரு திசையிலும் பிழையை அளந்தார். நிரந்தரக் காந்தமாகவே இருக்கும் இரும்பு ஒன்று, பூமியின் காந்தத்தால் அவ்வப்போது மாறும் இரும்பு இன்னொன்று என்று பிரித்தார். முதலாவதற்குக் காந்தங்களையும் இரண்டாவதற்குச் சாதா இரும்பையும் திசைகாட்டிக்குப் பக்கத்தில் வைத்துப் பிழையைச் சரிக்கட்டினார். இன்றும் சென்சார் பொறியாளர்கள் 'ஹார்ட் அயன்', 'சாஃப்ட் அயன்' என்றுதான் பிரிக்கிறார்கள். கையில் கருவியைச் சுற்றுவதும் ஏரி கப்பலைச் சுற்றியதும் ஒரே வேலைதான். காந்தத் துண்டுக்குப் பதில் உள்ளே கணக்கு நடக்கிறது, அவ்வளவே.

பிரச்சினை அத்தோடு முடியவில்லை. 1854 ஜனவரி 19-ல் 'டெய்லர்' என்ற புதிய இரும்புக் கப்பல், 650-க்கும் மேற்பட்டவர்களோடு லிவர்பூலிலிருந்து மெல்போர்ன் கிளம்பியது. திசைகாட்டிகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. தெற்கே போகிறோம் என்று நினைத்தவர்கள் உண்மையில் அயர்லாந்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். 21-ம் தேதி டப்ளின் அருகே லாம்பே தீவுப் பாறையில் மோதியது. பாதிக்கும் மேலானோர் இறந்தார்கள். நூறு பெண்களுக்கு மேல் இருந்ததில் பிழைத்தவர்கள் மூவர்.

ஏரியின் முறைமேல் சந்தேகம் கிளப்பியவர் வில்லியம் ஸ்கோர்ஸ்பி. திமிங்கல வேட்டைக் கப்பல் கேப்டனாக இருந்து பாதிரியாரானவர்! கப்பல் கட்டும்போது விழும் சுத்தியலடியில் இரும்பு காந்தமாகிறது, கடலில் அலை அடித்து உலுக்கும்போது அந்தக் காந்தம் மாறிவிடுகிறது, துறைமுகத்தில் ஒருமுறை சரிசெய்துவிட்டு நம்பக்கூடாது என்றார். ஏரியோடு கடும் சண்டை. 1856-ல், அறுபது வயதைத் தாண்டிய பிறகு, 'ராயல் சார்ட்டர்' கப்பலில் ஆஸ்திரேலியாவுக்கே போய்ச் சோதித்துப் பார்த்தார். இரும்பிலிருந்து எட்ட, பாய்மரத்தின் உயரத்தில் ஒரு திசைகாட்டி வையுங்கள் என்பது அவர் யோசனை. என் ஓட்டு ஸ்கோர்ஸ்பிக்குத்தான்.

இப்போது நம் டைவ் கம்ப்யூட்டருக்கு வருவோம். பேட்டரி மாற்றினால் திரும்பவும் சுற்றவேண்டும், பேட்டரியின் உறையும் இரும்புதானே. இரும்புப் படகின் தளத்தில் நின்று சுற்றினால், படகின் காந்தத்தையும் சேர்த்துக் கணக்கு போட்டுவிடும். ஸ்டீல் சிலிண்டர், கத்தி, காந்த சுவிட்ச் உள்ள டார்ச் எல்லாமே ஊசியை இழுக்கும்.

கோளாறு எதில் என்று கண்டுபிடிக்க ஃபிளிண்டர்ஸின் வழியே போதும். திசை தெரிந்த இடத்தில் நின்று நாலு பக்கமும் திரும்பிப் பாருங்கள். எல்லாப் பக்கமும் ஒரே அளவு பிழை என்றால், உண்மை வடக்குக்கும் காந்த வடக்குக்கும் உள்ள வித்தியாசம் செட்டிங்கில் தப்பாக இருக்கலாம். பக்கத்துக்குப் பக்கம் பிழை மாறினால் இரும்புதான் காரணம், திரும்பச் சுற்றுங்கள். மூழ்கிய இரும்புக் கப்பலை ஒட்டி நீந்தும்போது மட்டும் எவ்வளவு சுற்றியும் பயனில்லை. கொஞ்சம் விலகிப் போய்த்தான் படிக்கவேண்டும், ஸ்கோர்ஸ்பியின் பாய்மரத் திசைகாட்டி மாதிரி.